கொடித்துணி பார்க்கும் வீரபத்திரன்

விடிந்து கொட்டகைப் பக்கம் வந்ததும் வீரபத்திரன் முதலில் பார்ப்பது கொடியில் காயும் துணியை. எதிரே நின்று யாராவது கும்பிட்டால்கூட அப்போது அவர் கண்ணில் படாது. கட்டம் போட்ட கைலி காய்ந்தால் அந்தக் கொட்டகையில் ஆம்பிளை இருக்கிறான். சின்னப் பாவாடை தொங்கினால் ஒரு பெண் பிள்ளை. பழைய சேலையைத் துண்டு துண்டாகக் கிழித்து வரிசையாகப் போட்டிருந்தால் கைப்பிள்ளை வந்திருக்கிறது. அது இங்கேயே பிறந்ததா, வேறு ஊரிலிருந்து வந்ததா என்று மட்டும் விசாரித்தால் போதும்.

கொடிக்கயிறே இல்லாமல் இரண்டு கம்பும் மொட்டையாக நின்றால் விசாரணையே வேண்டாம். புயலில் எல்லாவற்றையும் பறிகொடுத்த சனத்துக்குக் கயிறும் ஒரு சொத்துத்தானே! நாலு நாள் உறவுக்காரர் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்கள் கயிற்றை அப்படியே விட்டுப் போவார்கள். ஒரேயடியாகப் போகிறவர்கள் அவிழ்த்துச் சுருட்டி மூட்டைக்குள் வைத்துக்கொள்வார்கள். “கயித்த அவுத்துட்டாக அய்யா. இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாக” என்று வீரபத்திரன் சொன்னால் அந்தக் குடும்பத்தின் கதை அன்றோடு முடிந்தது. அடுத்து, எந்த ஊர்ப் பக்கம் போனார்கள் என்று பக்கத்துக் கொட்டகையில் கேட்க வேண்டியதுதான் பாக்கி.

அறுபத்து நாலு மார்கழிப் புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன பிறகு, தப்பித்தவர்களுக்குத் தங்கச்சிமடத்துக்கு வெளியே பனங்காட்டில் கொட்டகை போட்டிருந்தார்கள். யார் இருக்கிறார்கள், யார் போனார்கள், போனவர்கள் எங்கே போனார்கள் என்று தினமும் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால்தான் கஞ்சிக்கு அரிசி போட முடியும். காலியான கொட்டகையில் மழையில் நனைகிற இன்னொரு குடும்பத்தை ஏற்ற முடியும். இதற்கென்று நிவாரணக் கமிட்டி இரண்டு பேரை வைத்திருந்தது. எழுதுவதற்குக் குமாஸ்தா ராமசுப்பிரமணியன். கொட்டகை கொட்டகையாகப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவதற்கு வீரபத்திரன்.

எல்லாரும் தலையாரி என்று அழைத்தாலும் அவர் தலையாரி இல்லை. தினக்கூலி ஆள். ஆனால் அந்தக் குரலையும், கையில் வைத்திருக்கும் உடைமரக் கம்பையும், முட்டிக்கு மேலே ஏற்றிக் கட்டிய வேட்டியையும் பார்த்தால் வேறு என்ன பெயர் வைக்கத் தோன்றும்? பிறந்தது முதுகுளத்தூருக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமம். மிளகாயும் வெள்ளாடும்தான் தெரியும். கடலோரத்துக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஏனென்று கேட்டால், “ஒரு வாய் குடிக்க ஆகாத தண்ணிய எதுக்குய்யா உத்து உத்துப் பாக்கணும்?” என்பார். பீடியைக்கூட அந்தப் பக்கம் திரும்பி ஊத மாட்டார்.

அவர் ஊரைவிட்டு வந்த கதை ஒன்று உண்டு. ஐம்பத்தேழில் அந்தச் சீமையில் கலவரம் வந்து ஊர் ஊராகக் கூரை எரிந்தபோது, வீரபத்திரன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கண்மாய்க்கு அப்பால் காட்டில் பதுங்கியிருந்தார். தீ அணைந்ததும் கணக்கெடுக்க ஆள் வந்தது. எரிந்த வீட்டுக்காரன் எங்கே என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மனதில் வஞ்சகம் இல்லாமல்தான் சொன்னான்: “அவன் ஓடிட்டான் சாமி. இனி வரமாட்டான்.” வீரபத்திரன் ஆடுகளோடு திரும்பி வந்தபோது கூரைக்குக் கம்பும் ஓலையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. “நாந்தேன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே, கண்ணு தெரியலையா?” என்று கத்தினார். “நீ ஓடிப்போனவனாச்சே” என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தை அவருக்கு ஆறவே இல்லை. வீடு எரிந்ததை அவர் மனைவி வெள்ளையம்மாள் எப்படியோ மறந்துவிட்டாள். இவருக்கு மட்டும் சாப்பிடும்போது ஞாபகம் வந்தால் கை அப்படியே நின்றுவிடும். ஆடுகளை விற்றுவிட்டு வாலிநோக்கம் உப்பளத்தில் கொஞ்ச காலம், பிறகு பாம்பனில் மூட்டை தூக்கல் என்று காலம் ஓடியது. புயல் வேலைக்கு வந்த முதல் நாளே குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டார்: “நான் கண்ணால பாக்காம ஒரு தலையைச் சேக்கவும் மாட்டேன், கழிக்கவும் மாட்டேன் அய்யா. அடுத்தவன் பேச்சைக் கேட்டு ஆளைக் கூப்பிடுற வேலை எங்கிட்ட நடக்காது.” குமாஸ்தாவுக்கு இது பெரிய உபதேசமாகப் படவில்லை. சரி, சரி என்று தலையாட்டிவிட்டுப் பேனாவுக்கு மை நிரப்பினார்.

சொல்வது எளிது. கொட்டகைச் சனம் கண்ணில் பட வேண்டாமா? ஆண்கள் விடியுமுன் கடலுக்கோ கூலிக்கோ போய்விடுகிறார்கள். பாதிக் கொட்டகைகளில் முஸ்லிம் குடும்பங்கள். பெண்கள் சாக்குத் திரைக்குப் பின்னால். வீரபத்திரன் திரைக்கு வெளியே நின்று, “வீட்டு ஆம்பிளை இருக்காரா தாயி?” என்று கேட்டார். “இருக்காக” என்று உள்ளிருந்து பதில் வந்தது. அடுத்த கொட்டகையிலும் “இருக்காக.” அதற்கடுத்ததிலும் அதேதான். அவர் சந்தோஷமாகக் கூப்பிட, குமாஸ்தா எழுத, அன்று கஞ்சி அண்டா அண்டாவாக மிஞ்சியது.

“யோவ், பாதி ஆம்பிளையைக் காணோமே! நீ யாரைய்யா கூப்பிட்டே?” என்று குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார். வீரபத்திரனுக்கு வந்ததே கோபம். நடுக்காட்டில் நின்று, “ஒரு கரண்டிக் கஞ்சிக்குப் போயி பொய் சொல்றீகளா?” என்று சத்தம் போட்டார். தனுஷ்கோடியில் இட்லிக்கடை வைத்திருந்த காலிதா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“யாருய்யா பொய் சொன்னது? கடலுக்குப் போன ஆம்பிளையை இல்லைன்னு சொல்றதுக்கா அல்லா எங்களுக்கு வாயைக் கொடுத்தான்? சொல்லி, அது பலிச்சுப்போனா, நீரா வந்து சோறு போடுவீரு?”

வெளியே கிளம்புகிறவனை, போறேன்னு சொல்லாதே, வாரேன்னு சொல்லு என்று நாம் திருத்துவதில்லையா? அதே சங்கதிதான். கடற்கரையில் கொஞ்சம் கடுமை அதிகம். வள்ளம் கண்ணுக்கு மறைந்ததிலிருந்து கரை சேரும்வரை ஆள் வீட்டில் இருப்பதாகவே பேச்சு. எப்போது வருவார் என்றும் கேட்கக் கூடாது. ஆடு மேய்த்த மனிதருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

மறுநாள் அவர் கேள்வியை மாற்றினார். “நேத்து ராத்திரி இங்கன யாரு யாரு படுத்திருந்தீக?” நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் குரலில், பனங்காடு முழுக்கக் கேட்கும்படி, பெண்கள் இருக்கிற திரைக்கு முன்னால் நின்று கேட்கிற கேள்வியா அது? மூன்றாவது கொட்டகையில் விளக்குமாறு வந்தது. “அடி விழலை, காத்துத்தேன் பட்டுச்சு” என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். குமாஸ்தா அந்த வாரம் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தார். அதன் பிறகுதான் வீரபத்திரன் மனிதர்களிடம் கேட்பதை விட்டுவிட்டுக் கொடியைப் பார்க்க ஆரம்பித்தார். துணி பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

தை பிறந்தது, மாசியும் பிறந்தது. கணக்கு பிசகவில்லை, கஞ்சியும் அதிகம் மிஞ்சவில்லை. வீரபத்திரனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. பீடி பற்ற வைக்கும்போது குமாஸ்தா பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

கடைசி வரிசையில், காலிதாவுக்கு அடுத்த கொட்டகை உம்மு ஹபீபாவுடையது. நாற்பது வயதிருக்கும். பிள்ளை இல்லை. புருஷன் சீனி முகம்மது வள்ளத்துக்காரன். அவள் கொடியில் தினமும் ஒரு சேலை, பக்கத்தில் பச்சைக் கட்டம் போட்ட ஒரு கைலி. “சீனி முகம்மது, உம்மு ஹபீபா” என்று இவர் தினமும் கூப்பிட்டுவிட்டுப் போவார். அன்று ஒரு நாள் காற்று பலமாக அடித்து அந்தக் கைலி அவர் முகத்தில் வந்து சுற்றிக்கொண்டது. விலக்கியவர் அப்படியே நின்றார். சவர்க்கார வாடை அடித்தது. மீன் வாடை ஒரு துளி இல்லை. கடலுக்குப் போகிறவன் கைலியை எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் அந்த வாடை போகாது என்பது இதற்குள் அவருக்கே தெரிந்திருந்தது.

“தாயி, ஒம்ம வீட்டுக்காரரை ஒருநாளும் நான் பாக்கலையே. கடலுக்கு எப்பப் போனாரு?”

“பொயலுக்கு முந்தின நாளு” என்றாள் உம்மு ஹபீபா. “வந்துருவாக.”

வீரபத்திரனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. “என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டியே தாயி! கைலியத் தொவைச்சுத் தொவைச்சுப் போட்டு என்னைய ஏமாத்தியிருக்கியே!”

“நான் எங்கண்ணே ஏமாத்தினேன்? நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே. கொடியைத்தானே கேட்டீக” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. “பொட்டியில கெடந்தா துணி இத்துப்போகும். வந்து உடுத்துறதுக்கு அவுகளுக்கு ஒரு கைலி வேணாமா?”

புருஷன் பங்குக் கஞ்சியையும் வாங்கினாயே என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் காலிதா குறுக்கே விழுந்தாள். “அது என் புள்ளைகதான் குடிக்குது. அதுக்கும் கணக்குக் கேக்கப் போறீரா?” வீரபத்திரன் கம்பை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். ஊரெல்லாம் தெரிந்த ஒரு சங்கதி தனக்கு மட்டும் இத்தனை நாள் தெரியவில்லை என்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. குமாஸ்தாவிடம் சொல்லவும் இல்லை. மறுநாளிலிருந்து கடைசி வரிசைக்குப் போனால் தலையைக் குனிந்துகொண்டே கூப்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

பங்குனியில் கொட்டகையைப் பிரிக்க உத்தரவு வந்தது. பாம்பனுக்கு இப்புறம் தென்கடலோரமாக மனை அளந்து கொடுக்கப்போகிறார்கள். ஆனால் சம்பாதிக்கிற ஆம்பிளை உள்ள குடும்பத்துக்குத்தான் மனை. தனித்த பெண்கள் உறவுக்காரர் ஊருக்குப் போக வேண்டும். செய்தி தெரிந்து, உம்மு ஹபீபா காக்கா என்று கூப்பிடும் அவள் அண்ணன் சுஐபு பெரியபட்டினத்திலிருந்து வந்தார். நல்ல மனிதர். நேரே குமாஸ்தாவிடம் போய், “மச்சான் மவுத்தாகி மூணு மாசமாச்சு. தங்கச்சிய ஊருக்கு அழைச்சுக்கிட்டுப் போறேன்” என்றார்.

“மவுத்தா? செத்தா போயிட்டாரு?” என்று குமாஸ்தா நிமிர்ந்தார். “தெனம் இருக்காருன்னுல்ல கூப்பிட்டிருக்கான்!”

வீரபத்திரனைக் கூப்பிட்டு விட்டார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “நான் எழுதுறவன், நீ கூப்பிடுறவன். நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். நாளைக்கு மனை அளக்குற எடத்துல அதிகாரி நிப்பாரு. அவரு முன்னாலயும் நீதான் கூப்பிடணும். கண்ணால பாக்காம ஒரு தலையைச் சேக்க மாட்டேன்னு சொன்ன ஆளு நீ. பாத்துக்க. பொய்யின்னு தெரிஞ்சா ஒன் வேலை அன்னிக்கே போயிரும், என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அன்று சாயங்காலம் வீரபத்திரன் உம்மு ஹபீபாவின் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். “காக்கா கூடப் போயிரு தாயி. நல்ல மனுசன். கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்குவாரு.”

“போறதுக்கு என்னண்ணே. போனா வெள்ளையக் கட்டி இத்தாவுல உக்கார வைப்பாக. நாலு மாசம் பத்து நாளு அறையைவிட்டுத் தலை காட்டக் கூடாது. சேலையைக் கையோட கொண்டாந்திருக்காக, பாத்தேன். அவுக கரையில வந்து எறங்குறப்ப நான் வெள்ளைச் சேலையோட நிக்கணுமா? அதுவும் பெரியபட்டினத்துல? இந்தக் கரையிலதானே அவுக என்னையத் தேடுவாக?”

“வந்தாத்தானே தாயி?” என்று அவர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்?

உம்மு ஹபீபா அழவில்லை. “அவுக மய்யித்தை, அந்த ஒடம்பைப் பாத்தீகளாண்ணே?”

“பாக்கலை.”

“நானும் பாக்கலை” என்றாள்.

வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவரை வெள்ளையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. பாதியை முகத்தில் படித்துவிடுவாள், மீதியை வாயைக் கிண்டி வாங்கிவிடுவாள். “அப்ப நாளைக்கு என்னன்னு கூப்பிடப் போறீக?” என்று கேட்டாள்.

“பொய் சொல்ல எனக்கு வராது புள்ள. இந்த வயசுல வேலை போச்சுன்னா மறுபடி மூட்டை தூக்கவும் ஒடம்புல தெம்பு இல்ல.”

“ஆமா, நீக அரிச்சந்திரன் பேரன்” என்றாள் வெள்ளையம்மாள். குழம்பை ஊற்றிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். “ஒம்மள ஓடிட்டான்னு சொன்னானே அந்தப் பாவி, அவனும் பொய் சொல்லலையே. தனக்குத் தோணுனதைத்தேன் சொன்னான்.” வீரபத்திரன் எழுந்து கையைக் கழுவினார். சோறு பாதி அப்படியே கிடந்தது.

மனை அளக்கும் இடம் வெறும் மணல்வெளி. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று அதிகாரி குடைக்குக் கீழே உட்கார்ந்து அவசரப்படுத்தினார். ஆள் இருப்பதற்குச் சாட்சியாகக் குமாஸ்தா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மனையின் கடற்பக்கத்து மூலையில் புருஷன் நின்று அளவுச் சங்கிலியின் ஒரு பிடியைப் பிடிக்க வேண்டும்; எதிர் மூலையில் மனைவி மறுபிடியைப் பிடிக்க வேண்டும். வீரபத்திரன் பெயரைக் கூப்பிட, இருவரும் வந்து நின்று இழுத்துப் பிடிக்க, நாலு மூலைக்கும் முளை அடித்துவிட்டு அடுத்த மனைக்கு நகர்ந்தார்கள். சுஐபு சற்றுத் தள்ளி மாட்டுவண்டி அருகே காத்திருந்தார். அவர் கக்கத்தில் மடித்த வெள்ளைச் சேலை இருந்தது.

வரிசை கடைசிக்கு வந்தது. வீரபத்திரன் தொண்டையைச் செருமினார். குமாஸ்தா பேனாவைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தார்.

“சீனி முகம்மது, உம்மு ஹபீபா!”

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உம்மு ஹபீபா மட்டும் வந்து தன் மூலையில் நின்றாள். அதிகாரி குடையை விலக்கிப் பார்த்தார். “ஆம்பிளை எங்கே?”

“இருக்காரு அய்யா” என்றார் வீரபத்திரன். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது. “கடலுக்குப் போயிருக்காரு.”

“எப்ப வருவான்?”

“கடலுக்குப் போனவகளை அப்படிக் கேக்கக் கூடாதுங்கய்யா. இங்கன வழக்கம்.”

சுஐபு இரண்டடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தும்விட்டார். உம்மு ஹபீபா திரும்பி, “காக்கா” என்றாள். அவ்வளவுதான். கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. மனிதர் அவளைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கக்கத்திலிருந்த சேலையை எடுத்து வண்டி வைக்கோலுக்கு அடியில் செருகினார்.

குமாஸ்தா இந்த மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியாததா? “கடலுக்குப் போன ஆளுக்காக அதிகாரி வெயில்ல காத்துக்கிட்டிருக்க முடியுமா?” என்று எரிந்து விழுந்தார். “அந்தப் பிடியை நீயே பிடியா, தலையாரி. சீக்கிரம் ஆகட்டும்.”

வீரபத்திரன் சங்கிலியின் பித்தளைப் பிடியை எடுத்துக்கொண்டு கடற்பக்கத்து மூலைக்குப் போனார். மூலைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டார். கீழே கிடந்த முளைகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லால் அடித்து அந்த மூலை மணலில் ஆழமாக இறக்கினார். பிடியை அதில் மாட்டினார். பிறகு எழுந்து, சீனி முகம்மது நிற்க வேண்டிய அந்த இடத்தில் கால் படாமல் சுற்றிக்கொண்டு, மனைக்கு வெளியே போய்த் தள்ளி நின்றார்.

“ம், இழு தாயி” என்றார்.